கர்ப்பத்தோடு இங்கிலாந்து கிளம்பும் சேலத்துப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நர்ஸ் வேலை, கம்ப்யூட்டர் வேலை என்று கணவர் முன்னால் போய்விடுகிறார். வீடு பார்த்து, விசா வந்து மனைவி கிளம்பும் நேரத்தில் மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகியிருக்கிறது. அம்மாபேட்டையோ ஓமலூரோ ஆத்தூரோ, எந்தப் பக்கத்துப் பெண்ணாக இருந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். நான் லீட்ஸில் குழந்தை பெற்று, சில வருஷம் அங்கேயே வளர்த்துவிட்டுச் சேலம் திரும்பியவள். என்னிடம் நேரிலும் போனிலும் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கர்ப்பிணிக்காகப் பேச அம்மா, மாமியார், சுகாதார நர்ஸ் என்று நாலு பேர் இருப்பார்கள். அங்கே எதுவானாலும் உங்களிடம்தான் கேட்பார்கள், நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் சமாளித்துவிடலாம்.

விசாவுக்குக் காசநோய்ச் சோதனை கேட்கிறார்கள். வயிற்றில் குழந்தையோடு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கலாமா?

ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசா என்றால் இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இந்தச் சான்று கட்டாயம். கர்ப்பிணிக்கு மூன்று வழி தருகிறார்கள். வயிற்றை மறைக்கும் கூடுதல் கவசம் போட்டு எக்ஸ்ரே எடுக்கலாம், எக்ஸ்ரே வேண்டாம் என்றால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளலாம், இல்லாவிட்டால் பிரசவம் முடியும்வரை தள்ளிப்போடலாம். சளிப் பரிசோதனையின் முடிவு வர எட்டு வாரம்வரை ஆகலாம். அதை மனதில் வைத்துக்கொண்டு தேதி பாருங்கள். சோதனை மையத்தில் நுழைந்ததுமே "நான் கர்ப்பமாக இருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

எந்த மாதம்வரை விமானத்தில் போகலாம்?

பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரம்வரை, இரட்டை என்றால் 32 வாரம்வரை ஏற்றிக்கொள்கின்றன. 28 வாரம் தாண்டினால் பயணத்துக்குத் தகுதி என்று டாக்டர் கடிதம் கேட்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும், டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து மாதத்தில் போவது உடம்புக்கும் சௌகரியம், அங்கே போய்ப் பதிவு செய்யவும் நேரம் இருக்கும். சேலத்திலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்ச் சேருவதே பாதி நாள். அதையும் கணக்கில் சேருங்கள். விமானத்தில் நடைபாதை ஓரச் சீட்டாகக் கேட்டு வாங்கி, அடிக்கடி எழுந்து நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க இறுக்கமான காலுறை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள். அங்கே பெறுவதா, சேலம் திரும்பி வந்து பெறுவதா?

இதில் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கணவர் பக்கத்தில் இருந்து, உங்களுக்கு அங்கே இலவச மருத்துவ உரிமையும் இருந்தால் அங்கேயே பெறுவது நல்லது. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அழைத்துவருவது நம் வழக்கம். ஆனால் அந்த மாதத்தில் பத்துப் பதினோரு மணி நேர விமானம் ஏறி, புது டாக்டரிடம் முதலிலிருந்து ஆரம்பித்து, குழந்தை பிறந்தபின் அதற்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கித் திரும்பிப் போவதற்குள் அப்பா குழந்தையைப் பார்க்கவே மாதக்கணக்காகிவிடும்.

அதே சமயம், ஏற்கெனவே குறைப்பிரசவமோ மனச்சோர்வோ வந்த பெண், கணவருக்கு இரவு ஷிப்ட், அக்கம்பக்கத்தில் ஒரு முகமும் தெரியாது என்ற நிலை என்றால் தாய் வீடே சரி. பிடிவாதமாக அங்கே இருந்து காட்ட வேண்டியதில்லை. சேலத்தில் பெறுவதாக முடிவு செய்தால் வந்த உடனே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவைச் செய்து, அதில் தரும் ஆர்சிஎச் எண்ணை வாங்கிவிடுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றாலும் பிறப்புச் சான்று போடும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள்.

பிரசவத்துக்கு அங்கே பணம் கட்டணுமா?

விசா எடுக்கும்போதே என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவைக்காக ஒரு கட்டணம் கட்டியிருப்பீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு அது வருஷத்துக்கு 1,035 பவுண்டு. அதைக் கட்டியவருக்கு ஸ்கேன், பிரசவம், சிசேரியன், வார்டு எதற்கும் தனியாகக் கட்டணம் இல்லை. நர்ஸ் போன்ற சுகாதாரப் பணி விசாவில் போகிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அந்தக் கட்டணமே விலக்கு.

சுற்றுலா விசாவில் போகிற கர்ப்பிணியின் கதை வேறு. பிரசவ நேரத்தில் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனால் முழுக் கட்டணமும் அதற்கு மேலும் சேர்த்துப் பில் வரும். "சும்மா போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று எட்டாம் மாதத்தில் கிளம்பாதீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கர்ப்பத்தையும் பிரசவத்தையும் பார்த்துக்கொள்ளும் மிட்வைஃபிடம் கேட்டால் மகப்பேறு விலக்குச் சான்றுக்கு ஏற்பாடு செய்வார். அது இருந்தால் கர்ப்ப காலம் முழுக்கவும், பிரசவத் தேதிக்குப்பின் 12 மாதமும் மருந்துச் சீட்டுக்கும் என்எச்எஸ் பல் வைத்தியத்துக்கும் காசு கிடையாது.

போய் இறங்கியதும் முதல் வேலை என்ன?

வீட்டு முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜிபி என்ற குடும்ப டாக்டரிடம் பதிவு. கூடவே, பக்கத்து ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் மகப்பேறு பகுதிக்குப் போனால் நீங்களே பதியும் படிவம் பல இடங்களில் இருக்கும், டாக்டர் கடிதம் தேவையில்லை. முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடந்தால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. நீங்கள் ஐந்து மாதத்தில் இறங்கினால் அதையும் சொல்லுங்கள், வரிசையில் முன்னால் போடுவார்கள்.

இங்கிருந்து எடுத்துப்போக வேண்டியவை: எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், ரத்தப் பரிசோதனை முடிவுகளும், தாய் சேய் அட்டையும், போட்ட டிடி ஊசியின் தேதியும். கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதற்கென்று போடும் ஆன்டி-டி ஊசி வேண்டியிருக்கலாம். இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை டாக்டரிடம் தெளிவான எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கம்பெனி வைத்த பெயர் அங்கே யாருக்கும் புரியாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்தான் வேண்டும்.

டாக்டரையே காட்ட மாட்டேன் என்கிறார்கள். மிட்வைஃப் மட்டும் பார்க்கிறார். என்னைக் கவனிக்கவில்லையா?

போன எல்லோரும் முதல் மாதத்தில் அழுதுகொண்டே கேட்பது இது. இங்கே மாதாமாதம் டாக்டரம்மாவைப் பார்ப்போம், ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் ரூமுக்குப் போவோம், ஊசியோ டானிக்கோ இல்லாமல் திரும்ப மாட்டோம். அங்கே சிக்கல் இல்லாத கர்ப்பத்தை முழுக்க மிட்வைஃபே பார்க்கிறார். பல வருஷம் படித்துப் பதிவு பெற்ற தொழில்காரர் அவர். ரத்த அழுத்தம் பார்ப்பார், சிறுநீர் சோதிப்பார், நாடாவால் வயிற்றை அளந்து சார்ட்டில் புள்ளி வைப்பார். தலைப்பிரசவத்துக்கு ஏறக்குறைய பத்து சந்திப்பு இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, முன்பு சிசேரியன் என்று ஏதாவது இருந்தால் அவரே மகப்பேறு டாக்டரிடம் அனுப்புவார்.

கஷ்டம் எங்கே வருகிறது தெரியுமா? அவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டதும் நம் பெண்கள் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். மரியாதைக்குச் சொல்கிற பதில்தான் அது. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். கால் வீங்குகிறது, ராத்திரி தூக்கம் இல்லை, வெள்ளைப்படுகிறது, வீட்டில் சண்டை, எதுவாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க அம்மா அங்கே இல்லை. முந்தின நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். தாளைப் பார்த்துக் கேட்டால் அங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இங்கிலீஷ் சரளமாக வராது. கணவர் கூட வந்து பேசினால் போதாதா?

கணவர் வரட்டும், பேச்சை அவரிடம் விடாதீர்கள். "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று பதிவு செய்யும்போதே சொன்னால் நேரிலோ போனிலோ ஒருவரை ஏற்பாடு செய்வார்கள், காசு கிடையாது. கணவர் வழியாகப் பேசும்போது சில விஷயம் விட்டுப்போகும், சில விஷயத்தை அவர் முன்னால் சொல்லவே முடியாது. மிட்வைஃப் ஒரு தடவையாவது உங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். வீட்டில் பயம் ஏதும் இருக்கிறதா என்று கேட்பார். எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான், கோபப்பட வேண்டாம். நிஜமாகவே பயம் இருந்தால் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஸ்கேன் இரண்டுதான் என்கிறார்களே?

ஆமாம். 12 வாரம் ஒட்டி ஒன்று, 20 வாரம் ஒட்டி ஒன்று. தேவை இருந்தால் மேலும் எடுப்பார்கள்.

அங்கே ஆணா பெண்ணா என்று சொல்வார்களாமே?

20 வார ஸ்கேனில் கேட்டால் பல ஆஸ்பத்திரிகளில் சொல்கிறார்கள். இந்தியாவில் 1994-ஆம் வருஷச் சட்டப்படி சொல்வதும் கேட்பதும் குற்றம்.

இந்தக் கேள்விக்கு நான் சற்று நீளமாகவே பதில் சொல்வேன், ஏனென்றால் நாம் சேலத்துக்காரர்கள். பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தமிழக அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பித்ததே இந்த மாவட்டத்தில்தான். எதற்காக அது இங்கே தேவைப்பட்டது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்கேன் முடிந்த அன்றைக்கே ஊரிலிருந்து போன் வரும், "என்ன கண்ணு, என்ன சொன்னாங்க?" என்று. சிலர் ஆசையாகக் கேட்பார்கள். சில வீட்டில் அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு ஒன்று இருக்கும், உங்களுக்கு அது புரியும். பெண் என்று தெரிந்த நாளிலிருந்து போன் குறைந்துபோன மருமகள்களை எனக்குத் தெரியும். பிரசவத்துக்கு இன்னும் நாலரை மாதம் இருக்கும்போது அந்த மௌனத்தை ஒரு பெண் ஏன் சுமக்க வேண்டும்?

ஆகவே என் யோசனை இது. உங்கள் இருவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் ஊருக்குச் சொல்லாதீர்கள். "குழந்தை நல்லா இருக்கு, இதயம் நல்லா துடிக்குது" என்பதே பதிலாக இருக்கட்டும். வீட்டில் நெருக்கடி வரும் என்று தோன்றினால் ஸ்கேன் எடுப்பவரிடம் "எங்களுக்குச் சொல்ல வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாராவது கட்டாயப்படுத்தினால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் எதை விட வேண்டும்? ஊரில் சொல்வதும் அங்கே சொல்வதும் வேறுவேறாக இருக்கிறதே.

பெரிய முரண்பாடு ஈரலில் வரும். ரத்தம் ஊறும் என்று நம் வீட்டில் ஆட்டு ஈரலை வதக்கிக் கொடுப்பார்கள். அங்கே கர்ப்பிணிக்கு ஈரலே கூடாது என்பார்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அளவு மீறினால் வயிற்றுக் குழந்தைக்குக் கெடுதல். அவர்கள் சொல்வது சரி. ரத்தம் குறைவு என்றால் இரும்புச் சத்து மாத்திரையும் கீரையும் கறியும் முட்டையும் போதும்.

அடுத்தது சுறா. பால் சுரக்கச் சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் வழக்கம். சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்ப காலத்தில் அதைத் தொடக் கூடாது, பாலூட்டும் காலத்திலும் வாரம் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். டப்பா டூனாவுக்கும் அளவு உண்டு.

காபி பிரியர்கள்தான் நாம். ஏற்காட்டில் காபி வளர்க்க ஆரம்பித்து இருநூறு வருஷம் ஆகிறது, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்தது. அந்த மலைக் காபித்தூளைப் பெட்டியில் போடாமல் யாரும் கிளம்புவதில்லை. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபின் என்பது அங்கே சொல்லும் எல்லை. பெரிய மக் நிறைய ஃபில்டர் காபி குடித்தால் 140 அதிலேயே போய்விடும், ஒரு மக் டீயில் 75. நம் டம்ளர் சின்னது, சிக்கரி கலந்தால் காஃபினும் குறையும். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் அரை டம்ளர் என்றால் கவலை இல்லை.

பழுத்த பப்பாளியும் அன்னாசியும் சாப்பிட்டால் கலையும் என்பார்கள். அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. குங்குமப்பூவால் நிறம் வராது, விலைதான் வரும். மண், செங்கல் தூள், திருநீறு தின்ன ஆசை வந்தால் அதை அடக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கலாம். அந்த ஆசையே ரத்தச் சோகையின் அடையாளமாக இருக்கக்கூடும், மிட்வைஃபிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். காய்ச்சாத பண்ணைப் பால், அதில் செய்த சீஸ், பூஞ்சை படர்ந்த மெத்தென்ற சீஸ் வகை, சரியாக வேகாத கறி வேண்டவே வேண்டாம்.

ஊரிலிருந்து வரும் லேகியம், கஷாயப் பொடி, சூரணம் எதுவானாலும் டப்பாவோடு மிட்வைஃபிடம் காட்டுங்கள். சிலவற்றில் ஈயம், பாதரசம் கலந்திருப்பதுண்டு. வீட்டில் இடித்த சுக்கு, மிளகு, சீரகம் சமையல் அளவில் இருந்தால் பிரச்சினை இல்லை.

சர்க்கரைப் பரிசோதனைக்கு என்னை மட்டும் ஏன் கூப்பிட்டார்கள்? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்ணைக் கூப்பிடவில்லையே?

நம் நாட்டவருக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டிலும் எல்லாக் கர்ப்பிணிக்கும் செய்வதுதான். வெறும் வயிற்றில் போக வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருக்கும், படிக்க ஏதாவது எடுத்துப் போங்கள். முடிவு வந்ததும் "மூணு வேளையும் சோறு சாப்பிடுவேன்" என்று உள்ளதைச் சொன்னால்தான் உணவு ஆலோசகர் அதற்குத் தகுந்த வழி சொல்வார்.

குளிர் தாங்குமா? தனியாக இருந்து பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது.

குளிரை ஸ்வெட்டர் பார்த்துக்கொள்ளும். இருட்டுதான் நம்மை அசைத்துவிடும். டிசம்பரில் சூரியன் காலை எட்டு மணிக்கு வந்து சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாலேயே போய்விடுகிறது. ஏற்காட்டு மார்கழிப் பனியில் வளர்ந்த பெண்களுக்கும் இது புதிது, ஏனென்றால் ஏற்காட்டில் பத்து மணிக்கு வெயில் வந்துவிடும். கணவர் வேலைக்குப் போனபின் வாசலில் கோலம் பார்க்க ஆள் இல்லை, பூக்காரம்மா குரல் இல்லை, எதிர்வீட்டுக் கதவு நாள் முழுக்கச் சாத்தியே இருக்கும்.

நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வது: வெளிச்சம் இருக்கும் நேரத்தில் தினமும் வீட்டை விட்டு இறங்குங்கள், மழை தூறினாலும் சரி. நூலகத்தில் வாரம் ஒரு நாள் கைக்குழந்தைகளோடு அம்மாக்கள் கூடிப் பாட்டுப் பாடுவார்கள். குழந்தை பிறக்கும் முன்பே போய்ப் பார்த்து வாருங்கள். மகப்பேறு வகுப்பில் சேருங்கள், அதே மாதம் பெறப்போகும் நாலு பெண்களின் நம்பர் கிடைக்கும். அருகில் முருகன் கோயிலோ தமிழ்ப் பள்ளியோ இருந்தால் அங்கே ஒரு நடை. இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல ஊர்களில் பல வருஷமாக இருக்கிறார்கள். முருங்கைக் கீரை எந்தக் கடையில் கிடைக்கும் என்பதிலிருந்து எந்த ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிற்கும் என்பதுவரை அந்த அக்காமார்களுக்குத் தெரியும்.

வைட்டமின் டி 10 மைக்ரோகிராம் மாத்திரை தினமும் வேண்டும். நம் தோல் நிறத்துக்கு அங்கே வருஷம் முழுக்கவே வேண்டும் என்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பு இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை என்றால் அது குளிருமில்லை, ஊர் ஏக்கமுமில்லை. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மனச்சோர்வு வரும், அது நோய், அதற்கு வைத்தியம் உண்டு. பத்துக் கேள்வி கொண்ட எடின்பரோ படிவம் ஒன்று தருவார்கள், தமிழிலும் இருக்கிறது. அதில் தற்கொலை எண்ணம் பற்றியும் கேள்வி வரும். இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து மறைக்கிறார்கள் நம் பெண்கள். அந்தப் படிவம் உங்களுக்கு உதவி ஏற்பாடு செய்வதற்காகத்தான்.

அங்கே வளைகாப்பு போடலாமா?

தாராளமாக. கண்ணாடி வளையல் மட்டும் இங்கிருந்தே வாங்கிப் போங்கள், துணிக்குள் சுருட்டிக் கைப்பையில் வையுங்கள். அஞ்சு வகைச் சாதத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள்.

அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாமா?

பார்வையாளர் விசாவில் ஆறு மாதம்வரை வந்து தங்கலாம். சென்னையில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். மகளின் பிரசவத்துக்காகப் போகிறேன் என்பதை மறைக்க வேண்டியதே இல்லை, பிரசவத் தேதி குறித்த கடிதம், உங்கள் வீட்டு விவரம், அம்மா திரும்பி வருவதற்கான ஆதாரம் மூன்றும் தெளிவாக இருந்தால் போதும். பிரசவத் தேதிக்கு நாலு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிக் காப்பீடு எடுங்கள். பார்வையாளருக்கு அங்கே ஆஸ்பத்திரி இலவசம் இல்லை. மாத்திரைகளைச் சீட்டோடு தங்கும் காலம் முழுமைக்கும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது?

அங்கே போன் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். மகப்பேறு அவசரப் பிரிவின் நம்பரைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். தலைப்பிரசவத்தில் வலி ஆரம்பித்ததும் போனால் "இன்னும் நேரம் இருக்கிறது, வீட்டில் இருங்கள்" என்று திருப்பி அனுப்புவது சகஜம். வருத்தப்படாதீர்கள்.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. குழந்தையின் அசைவு குறைந்தாலோ மாறினாலோ, ரத்தம் பட்டாலோ, நீர்க்குடம் உடைந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ அந்த நிமிஷமே கூப்பிடுங்கள். ராத்திரி இரண்டு மணி, ஞாயிற்றுக்கிழமை, தொந்தரவு செய்கிறோமோ என்றெல்லாம் பார்க்காதீர்கள். உள்ளங்கை, பாதம் கடுமையாக அரித்தாலும் சொல்ல வேண்டும். நம் ஊரில் சூடு என்று விட்டுவிடுவோம், அது ஈரல் கோளாறாக இருக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

பிரசவ அறையில் கணவர் கூடவே இருக்கலாம். வலி குறைக்க முகமூடி வழியாக வாயு, முதுகில் போடும் எபிடியூரல் ஊசி என்று வழிகள் உண்டு. கேட்பவருக்குத்தான் கிடைக்கும். "எங்கம்மா எல்லாம் பொறுத்துக்கிட்டாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாமே? பிறகு யார் பார்ப்பது?

சுகப்பிரசவம் என்றால் அன்றைக்கோ மறுநாளோ அனுப்பிவிடுவார்கள். காரில் கூட்டிப்போவதானால் குழந்தைக்கான சீட் இருக்க வேண்டும். மிட்வைஃப் வீட்டுக்கு வருவார். ஐந்தாம் நாள் குதிகாலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துச் சில அரிய நோய்களுக்குச் சோதிப்பார்கள். பத்து நாளுக்குப்பின் ஹெல்த் விசிட்டர் என்ற குழந்தை நல நர்ஸ் பொறுப்பேற்பார். குழந்தையின் எடை, ஊசி எல்லாம் சிவப்பு அட்டைப் புத்தகத்தில் ஏறும்.

பாட்டி வந்திருக்கும் வீட்டில் உரசல் வரும் இடங்கள் சில உண்டு. பிறந்ததும் நாக்கில் சேனை தடவுவது, அதுவும் ஏற்காட்டு மலைத்தேன் கொண்டுவந்து தடவுவது. ஒரு வயதுவரை தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் நரம்பைத் தாக்கும். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பால் போதும். கண் மையில் ஈயம் இருக்கலாம், வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகை ஜன்னல் சாத்திய வீட்டில் குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது.

புடவைத் தூளியை எதில் கட்டுவது என்றும் கேட்பார்கள். வாடகை வீட்டில் கொக்கி இல்லை என்பது ஒரு பக்கம். தூளிக்குள் பச்சைக் குழந்தை வளைந்து படுக்கும்போது தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சு அடைபடலாம் என்பதால் தட்டையான, உறுதியான மெத்தையில் மல்லாக்கப் போடச் சொல்கிறார்கள். தலையணை, போர்வைக் குவியல் எதுவும் கூடாது. அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும். அந்தக் குளிரில் குழந்தை நடுங்குமே என்று பாட்டி நாலு துணி சுற்றுவார். சூடு ஏறுவதுதான் ஆபத்து என்பதை அவருக்கு மிட்வைஃப் வாயாலேயே சொல்ல வையுங்கள், மகள் சொன்னால் எடுபடாது. எண்ணெய் தேய்த்து, மடியில் போட்டு, தாலாட்டுப் பாடும் வேலையைப் பாட்டியிடமே விட்டுவிடுங்கள்.

தடுப்பூசி அட்டவணை வேறாமே?

ஆமாம். இங்கே 6, 10, 14 வாரத்தில் போடுவதை அங்கே 8, 12, 16 வாரத்தில் போடுவார்கள். இங்கே பிறந்ததும் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி அங்கே எல்லாருக்கும் கிடையாது. பெற்றோர் இந்தியாவில் பிறந்தவர்கள் என்றால் குழந்தைக்கு உண்டு, பெரும்பாலும் நாலு வாரம் ஆனபின். யாரும் கூப்பிடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

அங்கே பிறந்தால் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைக்குமா?

பிறந்ததால் மட்டும் கிடைக்காது. 1983-லிருந்து, அப்பாவோ அம்மாவோ பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருந்தால்தான். பிறகு உங்களுக்கு நிரந்தர உரிமை வந்தால் குழந்தைக்கும் விண்ணப்பிக்கலாம்.

வரிசை இப்படி: இங்கிலாந்தில் 42 நாளுக்குள், ஸ்காட்லாந்தில் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அடுத்து ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து இந்தியப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அந்த ஒரு வருஷத்தைத் தவற விட்டால் பெரிய அலைச்சல். அப்புறம் அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துக் குழந்தைக்கு விசா.

பெயரில் கவனம் வேண்டும். நமக்கு இனிஷியல்தான், அங்கே எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அப்பா பெயரை அதில் எழுதுவது நம்மவர்களிடம் வழக்கம். உங்கள் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே குழந்தையின் பிறப்புச் சான்றில் ஏற வேண்டும். பதிவாளர் தட்டச்சு செய்ததைக் காட்டும்போது ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நானும் அங்கே வேலைக்குப் போகிறேன். லீவு உண்டா?

52 வாரம்வரை உண்டு. அதில் 39 வாரம்வரை சட்டப்படியான மகப்பேறு ஊதியம் கிடைக்கும், அதற்கு அந்த வேலையில் குறிப்பிட்ட காலம் இருந்திருக்க வேண்டும். பொது நிதி, அதாவது அரசு உதவிப் பணம், வாங்கக் கூடாது என்ற விசா நிபந்தனைக்குள் இந்த ஊதியம் வராது, பயமில்லாமல் வாங்கலாம். குழந்தைக்கான அரசு உதவித்தொகை அந்த நிபந்தனைக்குள் வரும், அதற்கு விண்ணப்பிக்காதீர்கள்.

குழந்தையை முதல் தடவை எப்போது சேலம் கூட்டி வரலாம்?

விசா கைக்கு வந்த பிறகு. அங்கே பிறந்த குழந்தை விசா இல்லாமல் அங்கே இருப்பது குற்றமில்லை. ஆனால் வெளியே வந்துவிட்டால் விசா இல்லாமல் திரும்ப உள்ளே போக முடியாது. தாத்தா பாட்டி அவசரப்படுத்துகிறார்கள் என்று பாஸ்போர்ட் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பி, இங்கே மாதக்கணக்காக மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. மருத்துவச் செலவுக்காகவும் மூன்று மாதம் ஆவதற்குள் விசாவுக்கு விண்ணப்பிப்பது நல்லது.

முதல் மூன்று தவணை ஊசியும் முடிந்து வந்தால் எனக்கு நிம்மதி. சித்திரை, வைகாசி வெயிலில் வேண்டாம், கார்த்திகை, மார்கழி, தை சௌகரியம். சிவப்புப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வாருங்கள், இங்கே காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் அவர் முதலில் கேட்பது அதைத்தான். கொலுசு போட ஆசைப்பட்டால் செவ்வாய்ப்பேட்டையில் மணி இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், கழன்று விழும் மணியைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும்.